நீளமா, அகலமா, கொம்பா: மரபு வில் வாங்கும் முன்

வெப்பம் 30 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம். சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ சிங்கப்பூருக்கோ இது சாதாரண நாள். இந்தக் காற்றில் கிடக்கும் மரம் எதுவானாலும் சில வாரங்களில் தன் உலர் எடையில் ஏறக்குறைய 14 சதவீதம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கதவு நிலைக்கு அதனால் பெரிய கேடில்லை, வில்லுக்கு உண்டு. மரவில் செய்கிறவர்கள் கேட்பது 8 முதல் 10 சதவீதம். அதைத் தாண்டினால் வில்லின் உட்பக்கத்து இழைகள் அமுங்கிப்போய்த் திரும்பி எழாது. நாணைக் கழற்றினாலும் வில் முழுக்க நிமிராமல் கூன் விழுந்து நிற்கும். கூன் விழுந்த வில் உடனே உடையாது. ஆனால் அம்பு முன்பு போன வேகத்தில் போகாது, அந்தக் கூனை முழுதாக எடுக்கவும் முடியாது.

மரபு வில் என்று இன்று கடையில் கிடைக்கும் ஒவ்வொரு வடிவமும் ஏதோ ஒரு நாட்டின் காற்றுக்கும் அங்கே கிடைத்த மரத்துக்கும் அந்த மக்கள் நாணை இழுத்த முறைக்கும் ஏற்ப உருவானது. இங்கிலாந்தின் நெடுவில், அமெரிக்காவின் அகல வில், துருக்கி, கொரிய நாட்டுக் கொம்பு வில், ஜப்பானின் யூமி, இந்திய மூங்கில் வில் ஆகிய ஐந்தும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால், எது உங்கள் வீட்டில் பிழைக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் நாலு சொற்கள். குறியைப் பார்த்திருக்கும் பக்கம் முதுகு, வில்லாளியைப் பார்த்திருக்கும் பக்கம் வயிறு. பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதிகள் புயங்கள். நாணின் கண்ணி மாட்டும் வெட்டு குதை. இழுக்கும்போது முதுகு நீள்கிறது, வயிறு அமுங்குகிறது. வில்லின் வரலாறு முழுவதும் இந்த இரண்டையும் சமாளித்த கதைதான்.

நெடுவில்: மரமே கொடுத்த இரட்டை அடுக்கு

1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த ஏட்சி மனிதன் தன்னோடு வைத்திருந்தது 1.82 மீட்டர் நீளமுள்ள யூ மர வில். செதுக்கி முடிக்காதது. அவன் காலம் பொ.யு.மு. 3300 வாக்கில். அதாவது நெடுவில் ஆங்கிலேயர் கண்டுபிடித்ததன்று, அவர்கள் அதைப் படையளவுக்குப் பெருக்கினார்கள். யூ மரத்தின் சிறப்பு அதன் குறுக்குவெட்டிலேயே தெரியும். வெளியே வெளிறிய மென்மரம், உள்ளே செம்பழுப்பு வைரம். மென்மரம் இழுவையைத் தாங்கும், வைரம் அமுக்கத்தைத் தாங்கும். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு துண்டை எடுத்தால் முதுகும் வயிறும் ஒட்டாமலே ஒட்டியபடி கிடைத்துவிடும்.

1545இல் மூழ்கி 1982இல் மேலே எடுக்கப்பட்ட 'மேரி ரோஸ்' என்ற ஆங்கிலப் போர்க்கப்பலில் 137 முழு வில்கள் இருந்தன. நீளம் 1.87 மீட்டர் முதல் 2.11 மீட்டர் வரை. இழுவிசை, அதாவது நாணை முழுதாக இழுக்கத் தேவையான விசை, 100 முதல் 185 பவுண்டு வரை இருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், 45 முதல் 84 கிலோ. சிறுவயது முதல் பழகிய உடம்புகளுக்கான விசை அது. இன்று பழகத் தொடங்குகிறவருக்கு 25 முதல் 30 பவுண்டு போதும்.

அந்த அளவுக்கு யூ மரம் இங்கிலாந்தில் இல்லை. 1472இல் இயற்றிய சட்டப்படி, ஆங்கிலத் துறைமுகத்துக்கு வரும் கப்பல் ஒவ்வொன்றும் சரக்கு டன் ஒன்றுக்கு நான்கு வில் கட்டைகள் கொண்டுவர வேண்டியிருந்தது. ஐரோப்பாவின் யூ காடுகள் மெலிந்ததில் இந்தத் தேவைக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றும் நல்ல யூ கட்டை அரிது, விலையும் அதிகம். எனவே 'நெடுவில்' என்று விற்பனைக்கு வருவது பெரும்பாலும் ஹிக்கரி என்ற அமெரிக்க மரத்தில் முதுகு ஒட்டிய பல அடுக்கு மரம். அதில் குறையில்லை, வாங்குமுன் தெரிந்திருந்தால் சரி.

குறை வடிவத்தில் இருக்கிறது. நெடுவில்லின் குறுக்குவெட்டு ஆங்கில 'டி' எழுத்துப் போன்றது, முதுகு தட்டை, வயிறு உருண்டை. பிரிட்டனில் இதற்காகவே இருக்கும் சங்கத்தின் விதிப்படி தடிப்பு, அகலத்தில் எட்டில் ஐந்து பங்குக்குக் குறையக்கூடாது. உருண்ட வயிற்றில் அமுக்கம் முழுவதும் நடுமேட்டில் குவிகிறது. யூ மரம் அதைத் தாங்கும். மற்ற மரங்கள் ஈரக்காற்றில் சீக்கிரம் கூன் விழும், அல்லது வயிற்றில் குறுக்காக மயிரிழைச் சுருக்கங்கள் தோன்றும். அந்தச் சுருக்கத்தை நகத்தால் தடவினால் தட்டும். ஒருமுறை தட்டிவிட்டால் அந்த வில்லைச் சுவரில் மாட்ட வேண்டியதுதான். யூ மரத்துக்கும் ஒரு குணம் உண்டு, வெயிலில் தொய்யும். மே மாதத்து நண்பகலில் திறந்தவெளியில் எய்ய நினைப்பவருக்கு அது பொருந்தாது.

அமுக்கத்தைப் பரப்ப வழி நீளம். நாணைப் பிடியிலிருந்து 28 அங்குலம் இழுப்பவருக்கு நெடுவில் 72 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, அதாவது 183 சென்டிமீட்டர். பேருந்திலும் மின்தூக்கியிலும் அதைத் தூக்கிக்கொண்டு போவதையும் கணக்கில் சேருங்கள்.

அகல வில்: மிகப் பழையதும் மிகப் புதியதும்

டென்மார்க்கின் ஹோல்மகோர் சதுப்பில் 1944இல் எடுத்த எல்ம் மர வில்கள் ஏறத்தாழ 9,000 ஆண்டுப் பழமையானவை, முழுமையாகக் கிடைத்த வில்களில் இவற்றைவிடப் பழையவை இல்லை. அவற்றின் வடிவம் பார்ப்பவர்களைத் திகைக்க வைக்கும். தட்டையான அகலப் புயங்கள், குறுகலாகக் கிள்ளிய பிடி, மெலிந்த நுனிகள். இன்று பொறியாளர் ஒருவரிடம் எல்ம் கட்டையைக் கொடுத்து வில் வரையச் சொன்னால் ஏறக்குறைய இதையே வரைவார்.

உண்மையில் வரையவும் செய்தார்கள். 1930களில் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஹிக்மன், பால் கிளாப்ஸ்டெக் போன்ற இயற்பியலாளர்கள் வில்லைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய், செவ்வகக் குறுக்குவெட்டே உருண்டையைவிடத் திறமையானது என்று காட்டினார்கள். அங்கே இந்த வடிவம் புதிதும் இல்லை. 1660இல் மாசச்சூசெட்ஸின் சட்பரியில் பூர்வகுடி ஒருவரிடமிருந்து பறித்த ஹிக்கரி வில் இன்றும் ஹார்வர்டின் பீபடி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதுவும் அகலப் புயம், ஒடுங்கிய பிடி.

இதன் பின்னே இருக்கும் கணக்கைத் தெரிந்துகொண்டால் வில் செய்வதில் பாதிப் பிழை குறையும். அகலத்தை இரட்டித்தால் விறைப்பு இரட்டிக்கும். தடிப்பை இரட்டித்தால் எட்டு மடங்காகும். எனவே 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள புயத்தில் 1 மில்லிமீட்டர் சீவினால் விசையில் பத்தில் ஒன்று போகாது, 27 சதவீதம் போய்விடும். 45 பவுண்டு வில் 33க்கு இறங்கும். "இன்னும் கொஞ்சம்" என்று ரம்பப்பல் அரத்தை இரண்டு தடவை அழுத்தியவர்களின் வில்லெல்லாம் பிள்ளைகள் வில்லாகிப் போனது இப்படித்தான்.

28 அங்குல இழுப்புக்கு அகல வில்லின் அளவுகள்: மொத்த நீளம் 168 முதல் 173 சென்டிமீட்டர். புயம் பிடியருகே 5 சென்டிமீட்டர் அகலம், பாதித் தூரம் வரை அதே அகலம், பிறகு நுனியில் 12 மில்லிமீட்டருக்கு ஒடுங்க வேண்டும். விறைத்த பிடி 10 சென்டிமீட்டர், அதன் இரு பக்கமும் 5 சென்டிமீட்டர் சரிவு. நுனி கனத்தால் அம்பின் வேகம் அங்கே செலவாகும், கையிலும் உதறும்.

முதுகில் ஒரே ஆண்டு வளையம் நுனி முதல் நுனி வரை அறுபடாமல் ஓட வேண்டும் என்பது மரவில்லின் முதல் விதி. அறுத்த பலகையில் இது அமைவது அபூர்வம். அதனால்தான் 3 மில்லிமீட்டர் தடிப்பில் மூங்கில் பட்டையை முதுகில் எபாக்ஸிப் பசையால் ஒட்டும் முறை இவ்வளவு பரவியது. மூங்கிலின் தோல்புறத்தில் இழைகள் நெருக்கமாகக் குவிந்திருப்பதால் இழுவையில் அது பெரும்பாலான மரங்களை மிஞ்சும். வயிற்றுக்கு அடர்த்தியான, நேரிழை ஓடிய மரம் வேண்டும். கருவிக் கைப்பிடிகளுக்குப் பேர்போன தடசு கிடைத்தால் விடாதீர்கள். ஈரக்காற்றுள்ள ஊரில், மரத்தாலான வில்தான் வேண்டும் என்று நிற்பவருக்கு இந்தக் கலவையே எங்கள் முதல் பரிந்துரை.

கொம்பு வில்: அதிக ஆற்றல், அதிகப் பராமரிப்பு

மரம் தன் நீளத்தில் ஏறக்குறைய 1 சதவீதம் நீண்டோ அமுங்கியோ மீளும், அதற்கு மேல் கேட்டால் முறியும் அல்லது கூன் விழும். எருமைக் கொம்பு அமுக்கத்தில் அதைப்போலச் சில மடங்கு தாங்கும். விலங்கின் காலிலிருந்து எடுக்கும் தசைநார் இழுவையில் அதற்கும் மேல். வயிற்றில் கொம்பு, முதுகில் தசைநார், நடுவே மெல்லிய மரம் என்று ஒட்டினால், நெடுவில்லின் பாதி நீளத்திலேயே அதே தூரம் இழுக்கலாம். குதிரையின் கழுத்துக்கு இப்புறமும் அப்புறமும் வில்லை மாற்ற வேண்டியவனுக்கு, நல்ல நெடுமரம் முளைக்காத புல்வெளியில் வாழ்ந்தவனுக்கு, இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. மத்திய ஆசியப் புல்வெளிகளில் இது செழித்ததற்கு வறண்ட காற்றும் ஒரு காரணம். எகிப்திலும் காற்று வறண்டதுதான். பொ.யு.மு. 14ஆம் நூற்றாண்டின் மன்னன் துத்தன்காமுன் கல்லறையில் இத்தகைய ஒட்டு வில்கள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன.

ஒஸ்மானியத் துருக்கியர் இதை உச்சிக்குக் கொண்டுபோனார்கள். மேப்பிள் மர நடு, எருமைக் கொம்பு, மாட்டுத் தசைநார், மீன், தோல் ஆகியவற்றிலிருந்து காய்ச்சிய பசை. நீளம் 105 முதல் 115 சென்டிமீட்டர்தான். நாண் கழற்றினால் நுனிகள் முன்பக்கமாகச் சுருண்டு ஒன்றையொன்று தொடப்போகும். கான்ஸ்டான்டிநோபிளை 1453இல் பிடித்த பிறகு இரண்டாம் மெஹ்மத் ஒக்மெய்தானி என்ற பரந்த திடலை வில்லாளிகளுக்கென்றே ஒதுக்கினான். 16ஆம் நூற்றாண்டில் தோஸ்கோபரான் இஸ்கெந்தர் அங்கே எய்த அம்பு 840 மீட்டருக்கு மேல் போனது. அந்தத் தூரத்துக்கான அம்பு மெல்லியது, சிறியது, குறிபார்த்து எய்யும் அம்பு அவ்வளவு போகாது. இந்தக் கணக்கைச் சொல்லி வில் விற்பவரிடம் இதை நினைவில் வையுங்கள்.

ஒரு கொம்பு வில்லுக்கு ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். கொம்புப் பட்டைக்கும் மரத்துக்கும் நீளவாக்கில் பள்ளம் பள்ளமாகச் சீப்புப்பல் போன்ற கருவியால் கீறி, பல்லோடு பல் பொருந்த ஒட்டுவார்கள். தசைநாரைக் காயவைத்து, தட்டி, நூலிழையாகச் சீவி, பசையில் தோய்த்து அடுக்குவார்கள். தசைநார் காயும்போது சுருங்கி வில்லை முன்னோக்கி இழுக்கும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். இந்தப் படியை அவசரப்படுத்தி விற்ற வில்லே முதல் மழைக்காலத்தில் முதுகு உரிந்து நிற்கும்.

கொம்பு வில்லின் பகை அந்தப் பசை. விலங்குப் பசை நீரில் கரைவது, ஈரக்காற்றில் இளகுவது. இதை நன்கு அனுபவித்தவர்கள் கொரியர்கள். அங்கே கோடையில் மழை கொட்டும், ஆனாலும் 'கக்குங்' எனும் கொம்பு வில்லை அவர்கள் கைவிடவில்லை. எருமைக் கொம்புகூட அவர்கள் நாட்டில் கிடையாது, வெளியிலிருந்து வரவழைத்தார்கள். அவர்கள் கண்ட வழி, வில்லை எய்யாத நேரமெல்லாம் வெதுவெதுப்பான பெட்டியில் வைப்பது. எடுத்தால் நெருப்புக்கு மேலே இதமாகக் காட்டி, இளகிய நிலையில் கையால் வளைவைத் திருத்திய பிறகே நாணேற்றுவது. அவர்கள் குறி இன்றும் 145 மீட்டரில் நிற்கிறது. 1970களில் கண்ணாடியிழை வில்லும் வந்தது. மழைநாளில் பெரும்பாலோர் எடுப்பது அதைத்தான்.

பெட்டி ஏன் வேலை செய்கிறது என்பது எளிய கணக்கு. 30 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை, தண்ணீர் சேர்க்காமலும் எடுக்காமலும் 38 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 48 சதவீதத்துக்கு இறங்குகிறது. அந்தக் காற்றில் மரம் 9 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிலைத்துவிடும், வில் கேட்கும் அளவு அதுதான். ஒட்டுப்பலகையில் வில் நீளத்துக்கு ஒரு பெட்டி, உள்ளே அலுமினியத் தாள், அடியில் ஓர் இழை விளக்கு, மேலே இரண்டு சிறு துளை, பக்கத்தில் வெப்பமானி. எல்இடி விளக்கு உதவாது, அதில் சூடு போதாது. விளக்கும் வில்லும் ஒன்றையொன்று பார்க்காதபடி நடுவே ஒரு தகடு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் காயும். 40 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். கொம்பு அளவுக்கு மேல் காய்ந்தால் அடுக்குகளாகப் பிளக்கும். மின்வெட்டு அடிக்கடி வரும் இடத்தில் கொம்பு வில் வளர்ப்பது, பாலைவனத்தில் நெல் வளர்ப்பது போல.

வட இந்தியாவில் முகலாயர் காலத்து ஆயுதச்சாலைகளில் முழுக்க எஃகாலான வில்கள் இருந்ததும் இந்த ஈரத்தால்தான். எஃகு வில் கனமானது, அதனால் அம்பு மெதுவாகப் போகும். ஆனால் பல பருவமழையைக் கடந்தும் எடுத்தவுடன் எய்யலாம்.

எருமைக் கொம்பு நம் பக்கம் ஏராளம் என்று சிலர் சொல்வதுண்டு. புயம் ஒன்றுக்கு விரிசல் இல்லாத நேர்ப்பட்டை ஒன்று கொம்பின் பெரும்பகுதி நீளத்துக்கு வேண்டும். சுருண்ட கொம்பில் அது வராது. அகன்று நீண்ட கொம்புள்ள நீலகிரித் தோடர்களின் எருமைகள் அவர்களுக்குப் புனிதம், வில் கடைக்கு வரமாட்டா. தோடர்களிடம் வில் இன்று சடங்கில் மட்டுமே உண்டு. கருவுற்ற பெண்ணுக்கு ஆண் சிறு குச்சி வில் ஒன்றைக் கொடுப்பதன் மூலம் பிறக்கப்போகும் குழந்தைக்குத் தந்தையாகிறான்.

கொம்பு வில்லின் வடிவம் பிடித்து, பராமரிப்பு முடியாதென்றால், நடுவில் மரமும் இருபுறம் கண்ணாடியிழையும் வைத்து அதே வடிவில் செய்த வில் இருக்கிறது. முதல் வில்லாக நாங்கள் அதிகம் சொல்வது இதையே. ஈரம் தொடாது, 130 சென்டிமீட்டருக்குள் அடங்கும், பேருந்தில் ஏறும். வாங்கும்போது இரண்டு இடத்தில் ஏமாறலாம். ஒன்று, வெறும் கண்ணாடியிழைக் கம்பிக்குத் தோல் சுற்றிய மலிவுப் பொருள். 26 அங்குலம் தாண்டினால் சுவரை இழுப்பது போல விறைக்கும். மற்றொன்று, நாணேற்றியபின் பின்னாலிருந்து பார்த்தால் நாண் இரு நுனியின் நடுப்பள்ளத்திலும் உட்கார வேண்டும். ஒரு பக்கம் 3 மில்லிமீட்டர் விலகினாலும் வாங்காதீர்கள். முழு இழுப்பில் நாண் நுனியிலிருந்து நழுவி வில் பின்புறமாகத் திரும்பிக்கொண்டால் பல்லுக்கு ஆபத்து. நிறுத்திய காரில் வெயிலில் விட்டால் எபாக்ஸியும் இளகும், ஒட்டு பிரியும்.

கட்டைவிரலா, மூன்று விரலா

இதை முடிவு செய்யாமல் வில் வாங்கக் கூடாது. ஐரோப்பிய முறையில் மூன்று விரல்களால் நாணைப் பிடித்து, அம்பை வில்லின் இடப்புறம் வைப்பார்கள். துருக்கி, மங்கோலிய, கொரிய முறையில் கட்டைவிரலை நாணில் கொக்கியாக மாட்டி, அதன்மேல் ஆள்காட்டி விரலைப் பூட்டி, அம்பை வலப்புறம் வைப்பார்கள். கட்டைவிரலுக்குக் கொம்பு அல்லது எலும்பு வளையம் வேண்டும். இருவரும் வலக்கைக்காரர்கள் என்று வைத்துக்கொண்டு சொன்னது இது.

குட்டை வில்லை முழுதாக இழுக்கும்போது நாண் மடங்கும் கோணம் கூர்மையாகிறது. மூன்று விரல்களை அந்தக் கோணம் நசுக்கும். ஒரு விரல் என்பதால் கட்டைவிரலுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒஸ்மானிய வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் கட்டைவிரல் முறையைக் கற்றே ஆக வேண்டும், நெடுவில்லுக்கு மூன்று விரல் முறையே இயல்பு. கட்டைவிரல்காரர்கள் காது வரை இழுப்பதால் 31, 32 அங்குலம் போகும். வில்லில் எழுதியிருக்கும் விசை 28 அங்குலத்துக்கானது. அதற்கு மேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 2 முதல் 2.5 பவுண்டு கூட்டிக்கொள்ளுங்கள். 30 என்று எழுதிய வில் கையில் 36 முதல் 40 வரை ஆகிவிடும், பழகாத தோள் அதை ஒரு வாரத்தில் சொல்லிவிடும்.

இந்த வில்களில் அம்பு வைக்கத் தட்டு கிடையாது, பிடித்த கைதான் தட்டு. இறகின் முன்முனை ஒவ்வொரு எய்தலிலும் ஆள்காட்டி விரலடியைக் கீறிக்கொண்டு போகும். அந்த முனையின் மேல் 1 சென்டிமீட்டர் நீளத்துக்கு மெழுகு நூலைச் சுற்றிவிட்டால் போதும்.

யூமி

221 சென்டிமீட்டர் நீளம், பிடி அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். கீழே குட்டை, மேலே நெட்டை என்று ஜப்பானியர் வில்லைச் சீனர்கள் 3ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் வெறும் மரம். நூற்றாண்டுகள் போகப்போக முதுகில் மூங்கில், பிறகு வயிற்றிலும் மூங்கில், பிறகு நடுவிலும் மூங்கில் கீற்றுகள் சேர்ந்தன. கியோத்தோவின் சன்ஜுசன்கென்தோ கோயிலில் ஏறக்குறைய 120 மீட்டர் நீளத் தாழ்வாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எய்யும் போட்டி அந்நாளில் நடந்தது. 1686இல் வாசா தைஹச்சிரோ ஒரே நாளில் 13,053 அம்புகளை எய்து 8,133ஐக் கடக்கச் செய்தார்.

வில்லைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆசிரியர் இல்லாமல் இதைப் பழக முடியாது. எய்ததும் வில் கைக்குள் தானே சுழல வேண்டும், அதற்கான பிடியைப் படத்தைப் பார்த்துக் கற்க இயலாது. வில்லைத் தலைக்கு மேல் உயர்த்தித் தொடங்குவதால் மேல்நுனி 3.3 மீட்டர் வரை போகும், 10 அடிக் கூரை இடிக்கும். பக்கத்தில் பயிற்சிக்கூடம் இருந்தால் போய்ச் சேருங்கள், வில்லை அவர்களே தருவார்கள். இல்லையென்றால் விட்டுவிடலாம்.

மூங்கிலும் பனையும்

அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நியார்க்கஸ் பார்த்த இந்தியக் காலாட்படையின் வில், பிடித்தவன் உயரம். அதைத் தரையில் ஊன்றி இடக்காலால் அழுத்திக்கொண்டு இழுத்தார்கள். பொ.யு.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரைப் போரில் மழையால் தரை வழுக்கி வில்லை ஊன்ற முடியாமல் போனதைப் பழைய வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். அர்த்தசாஸ்திரம் வில்லை மூலப்பொருளால் பிரிக்கிறது: பனையால் செய்தது கார்முகம், மூங்கிலால் செய்தது கோதண்டம், மரத்தால் செய்தது துருணம், கொம்பால் செய்தது தனுசு. இராமன் கைக் கோதண்டம், இந்தப் பட்டியலின்படி மூங்கில் வில். தமிழிலும் சிலை என்பது வில்லுக்கும் பெயர், வில் செய்யும் ஒரு மரத்துக்கும் பெயர்.

சந்தாலர், முண்டா, பில் ஆகிய பழங்குடி மக்கள் கையில் மூங்கில் வில் இன்றும் இருக்கிறது. பில்களின் வில்லில் நாணும் மூங்கில் பட்டைதான். ஈரக்காற்றில் வளர்ந்த பொருள், ஈரக்காற்றில் வாழ்ந்த கைகள். செலவு மிகக் குறைவு. கைவேலை பிடித்தவருக்கு இதுவே முதல் வில்.

கழை மூன்று, நான்கு வயதானதாக இருக்க வேண்டும். இளங்கழையில் மாவுச்சத்து அதிகம், வண்டு துளைக்கும். தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்று மூங்கில்காரர்கள் சொல்வதும் துளைப்பூச்சிக்குப் பயந்துதான். மேற்சொன்ன அகல வில்லுக்குச் சமமான விசை வேண்டுமானால் சுவர்த் தடிப்பு 12 முதல் 15 மில்லிமீட்டர், விட்டம் 10 சென்டிமீட்டருக்கு மேல். குறுகிய கழையில் எடுத்த பட்டையின் முதுகு கூரை போல மேடாக இருக்கும். இழுவை முழுவதும் அந்த மேட்டில் விழுந்து இழை தெறிக்கும்.

170 சென்டிமீட்டர் நீளத்தில் 5 சென்டிமீட்டர் அகலப் பட்டையாகப் பிளந்து, நிழலில் மூன்று மாதமாவது காயவிடுங்கள். தோல்புறம் முதுகு. அங்கே கத்தி படக்கூடாது, கணுவின் புடைப்பையும் மட்டமாக்கக் கூடாது. சீவுவதெல்லாம் உட்புறத்தில்தான். பிடிக்கு உட்புறத்தில் ஒரு மரக்கட்டையை ஒட்டிக்கொள்ளுங்கள். பிறகு கரி நெருப்புக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பட்டையை நகர்த்திக்கொண்டே காட்டினால் தோலில் எண்ணெய்ப் பிசுக்கு வியர்க்கும். அதைத் துணியால் துடைத்து, உட்புறம் வெளிர் பழுப்பாகும் வரை மெல்லச் சுட வேண்டும். கருகினால் அந்த இடம் நொறுங்கும்.

வளைவு சமன் பார்க்கும்போது வரும் முதல் தொல்லை கணுதான். கணு விறைப்பாக நிற்கும், அதன் இரு பக்கமும் மட்டும் கதவுக் கீல் போல மடியும். கீலாக மடிகிற இடத்தை இனித் தொடாமல், கணுவுக்கு நேர் உட்புறத்தில் மட்டும் கண்ணாடிச் சில்லால் சுரண்டுங்கள். ஐந்து சுரண்டலுக்கு ஒருமுறை முப்பது தடவை பாதி தூரம் இழுத்து விட்டபின்தான் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசின் கொக்கியை நாணில் மாட்டி இழுங்கள். 30 பவுண்டு வேண்டுமென்றால் தராசு 13.6 கிலோ காட்டிய இடத்தில் நிறுத்துங்கள், எவ்வளவு குறைந்த தூரமானாலும். அதைத் தாண்டி ஒருமுறை இழுத்தாலே முடிக்காத வில்லுக்குக் கூன் தொடங்கிவிடும்.

பனையைப் பற்றியும் கேட்பார்கள். வெளிவட்டத்துக் கருவைரம் மட்டுமே உதவும், உள்ளே சோறு. வைரம் கடினம், ஆனால் இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணையாததால் ஓரத்தில் சிலாம்பு கிளம்பும். ஓரத்தை உருட்டித் தேய்க்காமல் வளைத்தால் முழங்கையில் சிலாம்பு ஏறும். இரண்டாவது, மூன்றாவது வில்லாகச் செய்து பாருங்கள்.

நாணும் அம்பும்

மரம், மூங்கில் வில்களுக்கு டேக்ரான் என்ற செயற்கை இழை நாண் போதும், 30 முதல் 40 பவுண்டுக்கு 12 புரி. நீளாத நவீன நாண்கள் அம்பை வேகமாக்கும். ஆனால் நின்றதும் வரும் அதிர்ச்சியை முழுதாகக் குதைக்கே கொடுத்துவிடும். வலுவூட்டாத மரக் குதை பிளக்கும்.

அம்பின் எடை, வில்லின் பவுண்டு ஒன்றுக்கு 0.65 கிராமுக்குக் குறையக் கூடாது. 30 பவுண்டு வில்லுக்கு 19.5 கிராம், 40க்கு 26. நகைத்தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். இலேசான அம்பு வாங்கிக்கொள்ளாத ஆற்றல் வில்லிலேயே தங்கும். அம்பில்லாமல் நாணை விட்டால் முழுதும் தங்கும், வில் அங்கேயே முறியலாம். கடையில் எடுத்துப் பார்க்கும்போது இழுத்தால், இழுத்த கையாலேயே மெல்லத் திரும்பக் கொண்டுபோய் விடுங்கள். எய்து முடித்ததும் மர வில், மூங்கில் வில் இரண்டின் நாணையும் கழற்றி, மூலையில் சாய்க்காமல் இரண்டு ஆணிகளின் மேல் படுக்கையாக வையுங்கள். சமையலறைச் சுவரும் குளியலறைச் சுவரும் வேண்டாம்.